ஜெமீல் நானாவைக் கொடுப்பதா?

மாலைப் பயிற்சியில் விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்த றிஸ்கானின் கையில் போன் அதிர்ந்தது.

தாஹிர்தான். “முடிவென்ன?” என்று ஒரே ஒரு கேள்வி.

தாஹிர் கிண்ணியாக் கழகத்தின் கப்டன். இந்த மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெயர் கொடுப்பதற்கு முன் இரண்டு கழகங்கள் மனம் ஒத்தால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். தாஹிர் தருவதாகச் சொன்னது நுஸ்கியை. அவன் அடித்தால் பந்தைத் துறைமுகத் தண்ணீரில்தான் தேட வேண்டும். பதிலுக்கு அவன் கேட்டது ஜெமீல் நானாவை.

இன்று இரவு இஷாத் தொழுகைக்கு முன் ஆட்டக்காரர் பெயர் கொடுத்தாக வேண்டும்.

கழகத்தில் எல்லோருக்கும் அண்ணன் முறையான ஜெமீல் நானாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கழகம் தொடங்கிய நாளிலிருந்து முதல் ஓவர் அவருடையது. அவர் போட, றிஸ்கான் பின்னால் நின்று பிடிக்க, இருவரும் சேர்ந்தே முழங்கால் தேய்ந்தவர்கள். அவரைத் தூக்கிக் கொடுக்க றிஸ்கானுக்கு மனம் வரவில்லை.

ஆனால் தானும் ஒரு கழகத்துக்குக் கப்டன் என்றால் கணக்கும் பார்க்கத்தான் வேண்டும்.

நானா இப்போது சொன்ன இடத்தில் போடுவதில்லை. றிஸ்கான் தொடைகளுக்கு நடுவில் கையை வைத்து விரல் காட்டுவான். துடுப்பாடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் என்பதால் அவனுக்குத் தெரியாது. ஒரு விரல் என்றால் காலடிக்கு. இரண்டு விரல் என்றால் மெதுவாக. கையைப் பொத்தினால் நெஞ்சுக்கு எழும்ப வேண்டும். நானா தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டுவார். பிறகு ஓடி வருவார்.

முன்பெல்லாம் கேட்டது கேட்டபடி வந்து விழும். இப்போது காலடிக்குக் கேட்டால் மெதுவாக வருகிறது, மெதுவாகக் கேட்டால் நெஞ்சுக்கு எழும்புகிறது. விக்கெட் விழுகிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை நாளைக்குக் கழகம் நடத்துவது? போதாக்குறைக்கு, உயரே எழும்பிய பந்தைப் பிடிக்கச் சொன்னால் மனிதர் வானம் முழுக்கத் துழாவுகிறார்.

வயது போய்விட்டது. வேறென்ன.

றிஸ்கானைக் குடைந்தது இன்னொரு விஷயம். இதையெல்லாம் பார்த்த தாஹிர் எதற்காக இந்த மனிதரைக் கேட்கிறான்? தாஹிர் ஏமாறுகிற ஆளில்லை. மீன் வாங்கப் போனால் செவுளைத் திறந்து பார்த்து, மணந்து பார்த்து, விலையும் பேசிவிட்டு, வாங்காமல் வீட்டுக்கு வருகிறவன். நேரில் கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டான். நானாவிடம் அப்படி என்னத்தைக் கண்டான்?

யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

உட்துறைமுகத்தில் கடற்படைக் கப்பலொன்று விளக்கேற்றியது. இருட்டுகிறது. நானா பந்தைக் காற்சட்டையில் துடைத்தபடி ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தார். முன்னால் கழகத்துப் பையன் றுமைஸ் மட்டையைத் தட்டிக்கொண்டு நின்றான்.

இரண்டு கையாலும் போனைப் பிடித்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, றிஸ்கான் சம்மதித்து “ஓம்” என்று தட்டி அனுப்பினான்.

நிமிர்ந்தபோது நானா அந்தக் கோடியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார். தலையாட்டினார். ஓடி வந்தார்.

பந்து றுமைஸின் காலடியில் குத்தி நடுக்குற்றியைச் சாய்த்தது. “யா அல்லாஹ்!” என்று றுமைஸ் மட்டையைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

றிஸ்கான் சிரிக்கவில்லை. அவன் விரலே காட்டவில்லையே.

குற்றியை நட்டுவிட்டு மறுபடி குந்தினான். இந்த முறை வேண்டுமென்றே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

நானா பார்த்தார். கண்ணைச் சற்று இடுக்கினார். வழக்கமான மரியாதையோடு தலையாட்டினார்.

பந்து மெதுவாக வந்தது. றுமைஸ் அவசரப்பட்டுக் காற்றில் வீசி முடித்து, மட்டையைத் திரும்பவும் தூக்கிய பிறகுதான் அது குற்றியைத் தொட்டது.

றிஸ்கான் எழுந்து பந்து போடும் முனைக்கு நடந்தான்.

“நானா, என்ட விரல் உங்களுக்குத் தெரியிதா?”

ஜெமீல் நானா களவு பிடிபட்டவராகச் சிரித்தார். குற்றி தெரியும், நிற்கிற ஆளும் தெரியும், அவன் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியும் என்றார். விரல் மட்டும் இரண்டு வருடமாகத் தெரிவதில்லையாம். ஆளின் காலைப் பார்த்துத்தான் எதைப் போடுவதென்று முடிவெடுக்கிறாராம்.

“அப்ப என்னத்துக்குத் தலையாட்டின நீங்க?”

“நீ அவ்வளவு மெனக்கெட்டுக் குந்தியிருந்து காட்டுறாய். ஆட்டாட்டி உன்ட மனசு நோகுந்தானே.”

அதிர்ஷ்டம் என்று அவன் தள்ளிவைத்த ஒவ்வொரு விக்கெட்டும் வரிசையாக நினைவுக்கு வந்தது. றிஸ்கானுக்கு வெட்கமாக இருந்தது. அவசரமாகப் போனைப் பார்த்தான். அனுப்பிய “ஓம்” பக்கத்தில் இரண்டு நீலச் சரி அடையாளங்கள் விழுந்திருந்தன; தாஹிர் பார்த்துவிட்டான்.

“எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நானா.”

“நீ கேக்கல்லயே தம்பி,” என்றார் ஜெமீல் நானா. “போன மாட்ச்ல தாஹிர் என்ட பக்கத்துல ரன் ஓட நிண்டவன். உன்ட விரலயும் பாத்தான், நான் போட்ட பந்தயும் பாத்தான். ‘நானா, உங்களுக்குக் கண் தெரியல்லயா?’ எண்டு அவன் கேட்டான்.”