மோரில் கலந்த இன்சுலின்
பானைத் தண்ணீரில் குளிர்ந்து கிடக்க வேண்டிய இன்சுலின் புட்டி அடுப்போரம் காலியாய்க் கிடக்கிறது. கொதிக்கவைத்த ஊசியோடு நிற்கிறான், விலங்கியல் படிக்கும் இருசப்பன். “எத்தினி குத்துதான் தாங்குவாரு உங்க நைனா? அல்லாத்தையும் மோர்ல கலந்து குட்த்துட்டேன்,” என்கிறாள் அம்மா செங்கேணி, பெருமையாக. “வவுத்துல கரைஞ்சிடும்மா.” “கரையத்தாண்டா மருந்து.” கூரை ஓட்டை வெயில் நைனாவின் மீசை மோரில் மின்னுகிறது. நாயின் கணையத்தை அரைத்து இன்சுலின் தேடியவர்கள் முதலில் தோற்றதும் இப்படித்தான். செரிமானச் சாறு அதைத் தின்றுவிட்டது. இதைத் தேர்வில் எழுதி இருசப்பன் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறான். பெரியாஸ்பத்திரியில் அடுத்த புட்டி அடுத்த மாதம்தான். நைனா நிம்மதியாக ஏப்பம் விடுகிறார். “இனிமே ஊசியே வாணாம்,” என்று சிரித்து, காலிச் சொம்பை நீட்டுகிறார். “தாகம் அடங்கல. இன்னும் கொஞ்சம் தண்ணி குடுடா.”