ஆறாம் கட்டிலுக்கு ஒரு கமோட் சேர்

ஒரு கமோட் சேரைப் பொறுக்கி எடுக்க ஒன்பது நாளா? நீங்களே சொல்லுங்க.

மூணு கம்பெனிக்காரர்களும் ஆளுக்கொரு சேரை மாதிரிக்கு இறக்கிவிட்டுப் போயாச்சு. சக்கரம் வச்சது, நடுவில் ஓட்டை, அடியில் பாத்திரம். கட்டிலோரமும் உட்காரலாம், கழிவறைக்கும் தள்ளிப் போகலாம். மூணையும் தன் அறையிலேயே அடைத்து வைத்திருந்தார் ஸ்டோர் ஆபீசர்.

வார்டு சிஸ்டருக்கு அன்று காலையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. ஆறாம் கட்டில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. ரெண்டு நாளாய்த் தண்ணீரில் வாயை நனைப்பதோடு சரி.

"குடிச்சா பெட்பேன் கேக்கணுமே, கண்ணு. எல்லாருக்கும் நடுவுல படுத்துக்கிட்டு... அந்தத் திரையையாவது இழுத்து விடேன்."

"பத்துக் கட்டிலுக்கு நான் ஒருத்தி. இங்க யாரும்மா உங்களப் பாக்கப் போறா?"

திரையை இழுக்காமலே அம்மாவுக்கு அடியில் பெட்பேனை வைத்துவிட்டு, விடுவிடுவென்று ஸ்டோருக்கு நடந்தாள்.

அறைக்கதவு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. மூணாவது சேரில் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார் ஆபீசர்.

"என்ன சார், சிம்மாசனமா? அங்க ஒரு ஜீவன் தொண்டை வறண்டு கிடக்கு. அடுத்தவங்க மானம் உங்களுக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா?"

அவர் நிமிர்ந்தார். நெற்றியில் பிளாஸ்திரி.

"முதல் சேர்ல கால் வைக்க இடமில்ல சிஸ்டர். பத்து நிமிஷத்துல மரத்துப்போச்சு. ரெண்டாவது, கழிவறை வாசப்படியில முட்டி என்னையே குப்புறத் தள்ளிடுச்சு. உங்க ஆறாம் கட்டில் விழுந்தா எழுந்திருக்குமா?"

சிஸ்டர் அந்தப் பிளாஸ்திரியை ஒரு தரம் பார்த்தாள். ஆனாலும் முறைப்பு போகவில்லை.

"இது தேவலாம். ஒரு பொம்பளை உக்காந்து பாத்துச் சொன்னா இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

உட்கார்ந்தாள். எதிரே லிஃப்டுக்குக் காத்திருந்த நாலு பேர் திரும்பினார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்துச் சிரித்தார். அவள் உடுப்பை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள். மறுபடியும் இழுத்துவிட்டாள்.

"என்ன சிஸ்டர் நெளியறீங்க? உடுப்போடதானே இருக்கீங்க. இங்க யாரு உங்களப் பாக்கப் போறா?"

சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சார், அந்தக் கதவைச் சாத்துங்க. அதுக்கு முன்னாடி வார்டு ஆயாவுக்கு ஒரு போன் போட்டு, ஆறாம் கட்டில் திரையை இழுத்துவிடச் சொல்லுங்க."