ஜவாரிஸின் முதல் ஓட்டு

பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி வரிசையில் ஜவாரிஸுக்கு முன்னால் நாலே பேர். அவன் மறுபடியும் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் நின்ற மிஸ் எர்னஸ்டினுக்கு அந்தப் பார்வை பழகிவிட்டது. காலையிலிருந்து அவனுக்கு ஒரே கேள்விதான். ஜெயிலுக்குப் போய் வந்தவன் ஓட்டுப் போடலாமா?

"போடலாம் மகனே. நான் விசாரிச்சுட்டேன். நேராப் பாத்து நில்லு."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மேக்கன் நகரத்தின் அந்தப் பக்கத்தில் தேர்தல் வந்துவிட்டால் வீடு வீடாக ஏறி இறங்கி, தூங்குகிறவனையும் எழுப்பி ஓட்டுப் போட வைப்பவள் அவள்தான்.

இருந்தாலும் பயம் விட்டபாடில்லை. பக்கத்து மாவட்டத்தில் ஒருவன் தண்டனைக் காலம் முழுசாக முடியாமல் தெரியாத்தனமாக ஓட்டுப் போட்டான் என்றும், அதற்கே அவனைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டார்கள் என்றும் முடிவெட்டும் கடையில் பேசிக்கொண்டார்கள். ஜவாரிஸுக்கு அந்த இரும்புக் கதவின் சத்தம் இன்னும் தூக்கத்தில் கேட்கிறது. இன்னொரு தரம் அங்கே போனால் அவன் உயிரோடு திரும்ப மாட்டான்.

வெளியே வந்த பிறகும் மாதாமாதம் போய்த் தலையைக் காட்ட வேண்டிய கண்காணிப்பு அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரிடமே கேட்டுவிடுகிறேன் என்று அவன் கிளம்பியபோது மிஸ் எர்னஸ்டின்தான் தடுத்தாள். நீ போனால் ஏதாவது உளறி வைப்பாய், நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

முன்னால் நின்ற நாலு பேரும் அவள் நடத்தும் சனிக்கிழமை மன்றத்துப் பையன்கள். அவர்களை நச்சரித்து இழுத்து வந்தவன் ஜவாரிஸ். மூடிக் கிடக்கிற நீச்சல் குளத்தைத் திறக்க வேண்டுமானால் நம் ஆள் தேர்தலில் ஜெயித்து நகரக் கமிஷனராக வேண்டும் என்று வாராவாரம் எழுந்து நின்று முழங்குவான்.

"ஊருக்கெல்லாம் சொல்றியே அண்ணே, நீ எப்பப் போட்ட?" என்று அவர்களில் ஒருவனான கோர்டெல் ஒருநாள் கேட்டுவிட்டான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜவாரிஸுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கே மிஸ் எர்னஸ்டின் அவன் பெயரையும் பதிய வைத்தாள். வாக்காளர் அட்டை வீடு தேடி வந்தது.

அவள் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

குடித்துவிட்டு அவன் ஓட்டிய காரில் செத்துப்போனது அவளுடைய ஒரே பிள்ளை மைக்கா.

ஏழு வருடம் கழித்து அவன் வெளியே வந்தபோது பெற்ற தாயே கதவைத் திறக்கவில்லை. மிஸ் எர்னஸ்டின் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லார் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்து, மன்னித்துவிட்டேன் என்றாள். அழாதவர்கள் பாக்கி இல்லை. பாதிரியாருக்கே அன்றைக்குப் பிரசங்கம் மறந்துபோனது.

அன்றிலிருந்து மகனே என்றுதான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு இந்த மனுஷியின் கடனை எந்தப் பிறவியில் தீர்ப்பது என்று இருக்கும்.

அவன் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சர்ச் டீக்கன் லூதர் அவனுடைய அட்டையைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முதல் முறை ஓட்டுப் போடுகிறவர் வந்திருக்கிறார் என்று உரக்க அறிவித்தார்.

அந்த வட்டாரத்து வழக்கம் அது. பையன்களுக்கும் அப்படித்தான் சொன்னார். ஆனால் முப்பதை நெருங்கிய ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கமே அதிரும்படி எல்லாரும் கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஜவாரிஸுக்காக வாழ்க்கையில் யாரும் கைதட்டியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டுப் போட்டான்.

எல்லாரும் நிறுத்திய பிறகும் மிஸ் எர்னஸ்டின் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது ஓட்டுப் போட்டவர்களுக்குத் தருகிற பீச் பழம் போட்ட ஸ்டிக்கர் சட்டையில் ஒட்டியிருந்தது. கிழவன் கல்யாணம் முடித்து வருகிறான் பார் என்று பையன்கள் ஓட்டினார்கள். அவனும் சிரித்தான். மைக்கா இருந்திருந்தால் இன்னும் மோசமாக ஓட்டியிருப்பான் என்று தோன்றியது. முதன்முறையாக அந்தப் பெயர் அவனுக்கு வலிக்கவில்லை.

மிஸ் எர்னஸ்டினும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அவனைப் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். நன்றாகச் சிரிக்கச் சொல்லி, ஸ்டிக்கர் தெரியும்படி போனில் படம் எடுத்தாள். எடுத்ததை யாருக்கோ அனுப்பினாள்.

மன்றத்துக்குத்தானே என்று கேட்டான்.

"உன் ஆபீசருக்கு."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் இன்னும் கொஞ்சம் சிரித்தான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் கிட்டே வந்து அவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பையன்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"போன வாரமே அவர்ட்ட கேட்டேன். உன் தண்டனைக் காலம் முடிய இன்னும் மூணு வருஷம் இருக்காம், அதுவரைக்கும் நீ போடவே கூடாதாம். போட்டா மறுபடி உள்ளதானாம்."

அவன் கை சட்டையிலிருந்த ஸ்டிக்கரைப் பிய்க்கப் போனது.

"என் பிள்ளைக்கு ஏழு வருஷமெல்லாம் பத்தாது."

பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, யாருக்கெல்லாம் பொரித்த மீன் வேண்டும் என்று கேட்டாள்.