எதிர்வீட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

"குறை சொல்ற பழக்கம் எனக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு சைதூன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். டி.வி. சத்தத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

பேகம்பூரில் அந்தத் தெரு அவ்வளவு குறுகல். எதிர்வீட்டில் மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். யார் வீட்டில் என்ன வெஞ்சனம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆத்திர அவசரத்துக்கு ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். குரல் கொடுக்காவிட்டாலும் வருவார்கள். குடும்பம் நடத்த இதைவிட வசதியான ஊர் கிடையாது என்பாள் சைதூன். புருஷனோடு சண்டை போட மட்டும் பஸ் ஏறி வடமதுரைக்குப் போக வேண்டும்.

வந்திருந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் மஹ்ஜபீன், ஊர் வாணியம்பாடி, வீட்டுக்காரருக்குத் தோல் வியாபாரம் என்று சொன்னாள். எதிர்வீட்டு முகமது பாரூக்கின் மகன் தப்ரேஸ் எப்படி, குடும்பம் எப்படி என்று கேட்டாள். கல்யாண விஷயம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. முன்பின் தெரியாத பெண்ணொருத்தி வெளியூரிலிருந்து வந்து ஒரு பையனைப் பற்றிப் பக்கத்தில் விசாரித்தால், அது ரேஷன் கார்டுக்காக இருக்காது.

சைதூன் இந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்று வருடம். தப்ரேஸைத் தன் மகள் ஃபாயிஸாவுக்கென்று மனதுக்குள் பேசி முடித்து இரண்டு வருடம். பெண்ணைப் பெற்றவள் வாய்விட்டுக் கேட்க முடியாது. தட்டுதான் அனுப்ப முடியும். பெருநாளுக்குச் சேமியா, வெள்ளிக்கிழமைக்கு இடியாப்பம், நடுவில் காரணமே இல்லாமல் சமோசா. தட்டு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பவில்லை. வாழைப்பழம் வந்தது, பணியாரம் வந்தது. பெண் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை. இப்போது வாணியம்பாடிக்காரி ஒருத்தி வந்து அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

"பையன் தங்கம்மா" என்று ஆரம்பித்தாள் சைதூன். ஒரு சம்பந்தத்தைக் கலைக்க வேண்டுமென்றால் புகழ்ந்துதான் ஆரம்பிக்க வேண்டும். "போன நோன்புல எங்க வீட்டுக்காரவுகளுக்கு நெஞ்சு வலி. தப்ரேஸ்தான் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனான். அஞ்சே நிமிஷத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறோம். அம்புட்டு வேகம். நாளைக்குப் பொண்டாட்டி பிள்ளைய வச்சுக்கிட்டும் அப்படித்தான ஓட்டுவான்?"

"இப்ப அவர் நல்லா இருக்காரா?"

"அல்ஹம்துலில்லாஹ், கடையில இருக்காக."

அடுத்து பையனின் அம்மா ஹாஃபிஸா. அவளைப் போல மகன்மேல் பாசம் வைத்தவளைப் பார்க்க முடியாது என்றாள் சைதூன். இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் மீனில் முள் எடுத்துத்தான் தட்டில் வைக்கிறாள். வருகிறவளுக்கு அந்த வேலை மிச்சம். மூத்த மருமகள் கோயம்புத்தூருக்குத் தனிக்குடித்தனம் போனது மாமியாரால்தான் என்று தெருவில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். அப்படி யாரும் இதுவரை சொன்னதில்லை. பாரூக்குக்குக் கோபமே வராது. வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும், அவ்வளவுதான்.

மஹ்ஜபீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஃபாயிஸா டீ கொண்டுவந்தாள். என்ன படித்திருக்கிறாய் என்று மஹ்ஜபீன் கேட்டாள். காந்திகிராமத்தில் எம்.எஸ்ஸி. என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவள் போன பக்கமே மஹ்ஜபீன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பொண்ணா இருக்கு."

"அவ கெடக்கா" என்றாள் சைதூன். அவளுக்கு இப்போது அதற்கு நேரமில்லை.

மஹ்ஜபீன் டம்ளரைக் கீழே வைத்தாள். "கடைசியா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணை அந்த வீட்டுல குடுப்பீங்களா?"

இரண்டு வருடத்துச் சேமியாவும் இடியாப்பமும் சைதூனின் கண்முன் வந்து போயின. ஆனால் இந்த இடத்தில் தயங்கினால் இதுவரை பட்ட பாடு வீண். சொல்லப்போகும் பொய்க்கு மன்னிப்புக் கேட்டு மனதுக்குள் ஒரு தவ்பா செய்துகொண்டாள்.

"வீடு தேடி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்மா."

டீயில் பாதி அப்படியே இருந்தது. மஹ்ஜபீன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மனசில் உள்ளதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். சைதூன் வாசல் வரைக்கும் வந்து, வெளியூர் ஆள் தடுமாறக் கூடாதே என்று, ஆட்டோ எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதையும் சொன்னாள்.

மஹ்ஜபீன் அந்தப் பக்கம் போகவில்லை. நாலே எட்டில் தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டில் காலிங் பெல்லை அழுத்தவில்லை. கேட்டுக்குள் கையை விட்டு, வெளியாட்களுக்குத் தெரியாத கீழ்க் கொண்டியைத் தானே நீக்கி, செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

குறுகல் தெரு. ஹாஃபிஸாவின் குரல் ஒரு சொல் சிந்தாமல் வந்து சேர்ந்தது. "வா மஹ்ஜபீன். நீ இன்னும் வரலையான்னு வாணியம்பாடியிலருந்து என் தம்பி, உன் வீட்டுக்காரன், ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். சைதூன் என்ன சொல்றாக? நம்ம தப்ரேஸுக்கு ஃபாயிஸாவக் கேட்டு நாளைக்கே போயிருவோமா?"

"குறை சொல்ற பழக்கம் எனக்கு இல்ல மச்சி" என்றாள் மஹ்ஜபீன்.

எதிர்வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. டி.வி. சத்தம் கூடியது.