யெல்லேயின் மூக்கு

கேரவனுக்குள் மண்டியிட்டு, மூலைமூலையாக மோப்பம் பிடித்துக்கொண்டு போனார் யெல்லே.

விடுமுறையில் போய்த் தங்குகிற வண்டி, குளிர்காலம் முழுக்க ஒரு விவசாயியின் கொட்டகையில் கிடந்தது. மார்ச்சில் அதை வெளியே எடுத்ததும் அவர் செய்கிற முதல் வேலை இதுதான். எந்தச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது, எந்தக் குழாயில் கேஸ் கசிகிறது என்பதையெல்லாம் மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார். வருடாவருடம் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சோதனை போடுகிறவர்களை, ஃப்ரீஸ்லாந்தில் இப்படிப்பட்ட வண்டிகள் நிற்கும் ஏரிக்கரை முகாம் முழுக்கக் கேட்கிற மாதிரி கிண்டலடிப்பார். இருபத்தாறு வருடமாக இதே கூத்து.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது அவருக்குக் காபியும் வெந்நீரும் ஒன்றுதான்.

மனைவி ஹிஸ்கேயிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

படியில் நின்ற ஹிஸ்கே போனை ஆட்டிக் காட்டினாள்.

"முகாமுக்கு வர்ற மெக்கானிக் கேக்கறான். செவ்வாய்க்கிழமை நம்ம வண்டிக்கும் கேஸ் சோதனை போட வரட்டுமான்னு. விட்டா மே முடியற வரைக்கும் அவனுக்கு நேரமில்லையாம். என்ன சொல்லட்டும்?"

மே விடுமுறையில் பேத்திகள் இருவரும் இதில்தான் தூங்கப்போகிறார்கள், கேஸ் அடுப்பை ஒட்டிய இருக்கையில்.

யெல்லே அந்த இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியின் இடுக்கில் மூக்கை அழுத்தி, நெஞ்சு நிறைய இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். காற்று ஜில்லென்று உள்ளே போனது, அவ்வளவுதான்.

"சுத்தமா இருக்கு. எவனும் வர வேண்டாம்."

"நீ சொன்னா சரி."

வழக்கமாக இதற்கு அவள் நாலு வார்த்தை குத்தலாகச் சொல்வாள். இன்று அப்படியே நம்பிவிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவள் பதில் அனுப்பக் கட்டைவிரலைத் தூக்கினாள்.

சின்னப் பேத்தி குப்புறப் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். அந்தத் தூக்கம் அவர் கண்முன் வந்து நின்றது.

"இரு, இரு." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வரச் சொல்லிடு. எனக்கு மூக்கு போயிடுச்சு, ஹிஸ்கே. கிறிஸ்துமஸ்லேருந்து ஒரு மண்ணும் தெரியல."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹிஸ்கே விறுவிறுவென்று உள்ளே வந்து ஒன்று விடாமல் எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். அவர் மூக்கை அழுத்திய அதே பெட்டியின் பலகையைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்தாள்.

தட்டில் இரண்டு மீன்கள். பச்சையாகப் பூஞ்சை பூத்துப்போயிருந்தன.

"போன வாரத்து மீன். காலைல நான்தான் உள்ள வச்சேன். அப்பலேருந்து மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், மனுஷா. இன்னும் கொஞ்சம் லேட்டாச் சொல்லியிருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."