எஸ்தோனியாவைத் தொட்ட கோடு

ரீகாவின் மங்கிய மார்ச் வெளிச்சம் புள்ளிவிவர அலுவலகச் சுவரில் ஒட்டிய வரைபடத்தின் மேல் கிடக்கிறது. நாட்டின் உற்பத்தியில் தலைக்கு எவ்வளவு என்று காட்டும் படம். முப்பது வருடமாக எஸ்தோனியாவின் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே ஊர்ந்துவந்த லாத்வியாவின் நீலக் கோடு, நுனியில் அதைத் தொட்டு நிற்கிறது. வெல்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அந்த நுனியை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். "இன்னும் என்னம்மா சந்தேகம்? தொட்டுட்டோம்ல! வா, வந்து கேக் எடு," என்கிறார் பிரிவுத் தலைவர் மோட்ரிஸ். குங்குமப்பூ மணக்கிற வளையக் கேக். போன வருடம் ஆண்டுக் கணக்கு வெளியான நாளில் அவளுக்குக் கிடைத்தது கத்தி கனத்துக்கு ஒரு துண்டு. இன்று காகிதத் தட்டே வளைகிறது. "பெரிய கேக்கா வாங்குனீங்க?" "அதே கடை, அதே அளவுதான்." அயர்லாந்துக்குப் போய்விட்ட இல்மாவின் நாற்காலியில் யாருடைய குளிரங்கியோ தொங்குகிறது. அதற்கடுத்த மூன்று காலி நாற்காலிகளிலும் குளிரங்கிகள்தான். வெல்கா சுவரைப் பார்க்கிறாள், தட்டைப் பார்க்கிறாள். "மோட்ரிஸ், உண்மையச் சொல்லுங்க. கோடு ஏறுனது உற்பத்தி கூடினதாலயா, தலை குறைஞ்சதாலயா?"  அவள் கேட்காமலே அவர் இன்னொரு துண்டை அவள் தட்டில் வைக்கிறார்.