ஆறாவது டாக்டர்

"ஏத்தா, சாகப்போற ஆளு மாதிரி நடிப்பியா?" என்று நர்ஸ் கருத்தம்மாள் கேட்டபோது, வார்டு கூட்டும் மாரீஸ்வரி வெட்கத்தோடு தலையாட்டினாள். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பிழைக்காத நோயாளியிடம் பரிவாகப் பேச ஐந்து இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி. நடிப்புக்காகக் கட்டிலில் மாட்டிய நோயாளிச் சீட்டில் அவள் பெயர் பொன்னுத்தாய், வயது அறுபது.

ஐந்து பேரும் நின்றபடியே சீட்டைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள்.

"அஞ்சும் முடிஞ்சிருச்சு, எந்திரித்தா. ஒருத்தருக்கும் உக்காந்து பேசத் தெரியல" என்று சிரித்துக்கொண்டே கருத்தம்மாள் வெளியே போனாள்.

அப்போது ஆறாவதாக ஒருவர் வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் மடியிலிருந்த சீட்டில், அவளுடைய நிஜப் பெயரும் வயதும்: 'மாரீஸ்வரி, வயது பத்தொன்பது' என்றிருந்தது.

"எனக்கு என்ன சார்?" என்றாள்.

அவர் அவள் கையை மெல்லப் போர்வைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.